இருவர் அணியாக நெடுந்தூர மலை சைக்கிள் பந்தயம்: வேகம் ஒத்துப்போகாத இணை என்ன செய்வது?

பதிவு 1: கல்தடம்

வணக்கம். நானும் என் தம்பியும் ஆறு நாள் நடைபெறும் ஒரு மலை சைக்கிள் பந்தயத்தில் கலப்பு இணையாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். நாளொன்றுக்கு 70 முதல் 100 கிலோமீட்டர் வரை தூரமும் ஏறக்குறைய 2,000 மீட்டர் ஏற்றமும் இருக்கும். ஒரு நாள் பந்தயங்கள் பலவற்றை இருவரும் தனித்தனியாக முடித்திருக்கிறோம். ஆனால் இன்னொருவரோடு கட்டுண்டு ஓட்டுவது எப்படி இருக்கும் என்பது சென்ற வாரம் செய்த இரண்டு நாள் பயிற்சியில்தான் எனக்குப் புரிந்தது.

ஏற்றத்தில் அவன் என்னைவிட வேகமானவன். ஒரு மணி நேர ஏற்றம் என்றால், எனக்கு ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே உச்சியைத் தொட்டுவிடுவான். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையிலும் இறக்கத்திலும் நான் வேகமானவள். முதல் நாள் ஒவ்வோர் உச்சியிலும் அவன் எனக்காகக் காத்திருந்தான். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "போகலாமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே காலைப் பெடலில் வைத்துவிடுவான். அவனுக்கு ஏழு நிமிட ஓய்வு கிடைத்திருக்கும். எனக்கோ ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கியிருக்காது. இரண்டாம் நாள் நண்பகலுக்குள் நான் அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அவன் தவறு எதுவும் செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனும் கலங்கிப்போனான் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இணையாகப் பல நாள் பந்தயம் ஓட்டியவர்களிடம் கேட்கிறேன். ஏற்றத்தில் யார் முன்னால் செல்ல வேண்டும்? பளுவை எப்படிப் பங்கிடுவது? இரண்டு வேகங்களை ஒரே வேகமாக்க வழி உண்டா?

பதிவு 2: பின்சக்கரம்

வணக்கம் சகோதரி. உச்சியில் காத்திருக்கும் வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். இணைப் பந்தயத்தில் அதைவிட வீணான செயல் வேறு இல்லை. உங்கள் தம்பி ஏழு நிமிடம் முன்னால் போய் நின்றதால் அணிக்கு ஒரு நொடிகூட மிச்சமாகவில்லை. அவருடைய உபரி வலிமை உச்சியில் நின்று குளிர்ந்துபோனது. உங்களுக்கோ, முழு ஏற்றத்தையும் துணையில்லாமல் ஏறிய களைப்பும், தாமதமாக வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டன.

பந்தய விதியும் பெரும்பாலும் இதை அனுமதிக்காது. தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பகுதியில் 2004 முதல் நடந்துவரும் கேப் எபிக் பந்தயத்தில், ஒரு முன்னோட்டச் சுற்றும் ஏழு கட்டங்களுமாக எட்டு நாட்களில் ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டும். அங்கே இணையர் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மீறினால் நேரத் தண்டனை உண்டு. இரண்டு நிமிடம் என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அது வெறும் 200 மீட்டர், அதாவது இரண்டு வளைவுகள். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது அதுவே ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். அங்கே இணையர் கண்ணுக்கே தெரியமாட்டார். உங்கள் பந்தயத்தின் விதி எத்தனை நிமிடமாக இருந்தாலும், இருபது நொடியை மீறாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்பேன்.

உங்கள் தம்பியின் உபரி வலிமையை மூன்று இடங்களில் செலவிடலாம். ஒன்று, சமதளத்தில் காற்றை அவர் வாங்கிக்கொள்வது. மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஒருவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். மெதுவான ஏற்றத்தில் காற்றுத்தடை மிகக் குறைவு என்பதால், அங்கே பின்னால் ஒட்டுவதால் பயன் ஏதும் இல்லை. ஏற்றத்துக்கு உதவுவது இரண்டாவதான பளு மாற்றம். உங்கள் உடலும் சைக்கிளும் பையும் சேர்ந்து 75 கிலோ என்று வையுங்கள். அதிலிருந்து 2 கிலோவைத் தம்பி வாங்கிக்கொண்டால், ஒரு மணி நேர ஏற்றத்தில் உங்களுக்கு ஒன்றரை நிமிடம் குறையும். மூன்றாவது, நின்று செய்யும் வேலைகள். உணவு நிலையங்களில் இரண்டு பேரின் தண்ணீர்க் குப்பிகளையும் அவரே நிரப்பட்டும். வழியில் வேலியோ கதவோ இருந்தால் அவரே முன்னால் போய்த் திறந்து, நீங்கள் நிற்காமல் கடந்தபின் மூடட்டும்.

ஏற்றத்தில் அவர்தான் முன்னால் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. நேர்த்தியான தடத்தைத் தேர்ந்து, ஏற்ற இறக்கமில்லாத சீரான வேகத்தில் அவர் போனால், நீங்கள் அந்தப் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எதையும் யோசிக்காமல் ஏறலாம்.

பதிவு 3: சமவெளி

பின்சக்கரம் ஐயா சொன்னவற்றில் கடைசிக் கருத்தோடு மட்டும் நான் உடன்படவில்லை. ஏற்றத்தில் வலிமையானவர் முன்னால் சென்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் அரை கிலோமீட்டர் கூடிவிடும். அவருக்கு அது தெரியாது. பின்னால் வருபவருக்கு அது தெரியும், ஆனால் கேட்க வாய் வராது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுவார். அன்றைய தினத்துக்கென்று வைத்திருந்த சக்தியை முதல் ஏற்றத்திலேயே எரித்துவிடுவார். பல நாள் பந்தயத்தில் அந்தக் கடன் மறுநாளும் தொடர்ந்து வரும்.

மெதுவானவர் முன்னால் போகட்டும், வலிமையானவர் அவருடைய பின்சக்கரத்துக்கு அரைச் சக்கர தூரத்தில் வரட்டும். அப்போது வேகத்தைத் தீர்மானிப்பவர் அதைத் தாங்க வேண்டியவரே. பாதை அகலமாக இருந்தால் பக்கத்தில் வரலாம். ஆனால் முன்சக்கரம் ஒரு சாண்கூட முந்தக் கூடாது. இணையரைவிட அரைச் சக்கரம் முன்னாலேயே ஓட்டிக்கொண்டிருப்பவரைப் போல மனத்தைச் சோர்வடையச் செய்பவர் வேறு யாரும் இல்லை.

பதிவு 4: பின்சக்கரம்

சமவெளி நண்பரின் மறுப்பைப் படித்ததும் எனக்கு நேர்ந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் இருப்பது நேர்மை ஆகாது.

ஒரு பந்தயத்தின் நான்காம் நாள். அன்றைய கடைசிப் பெரிய ஏற்றத்தில், வழக்கம்போல நான் முன்னால் சென்றுகொண்டிருந்தேன். என் இணையர் அரை மணி நேரமாக நான் கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் சத்தம் இல்லையே என்று திரும்பினால், ஐம்பது மீட்டர் கீழே சைக்கிளின் குறுக்குக் குழாயில் சாய்ந்து நின்றிருந்தார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். கையில் ஓட்டும்போதே உறிஞ்சிச் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் உறை ஒன்று. அதைக் கிழிக்க முயன்றுகொண்டிருந்தார். கையுறை ஈரமாக இருந்ததால் விரல் வழுக்கியது. பல்லால் கடித்தும் கிழியவில்லை. பிறகு கிழிக்க வேண்டும் என்பதையே மறந்தவர்போல அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாங்கிக் கிழித்து வாயருகே வைத்தபோது அவருடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பையின் பக்கவாட்டில், காலையில் நாங்கள் எண்ணி வைத்த உணவில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது.

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் கிளைகோஜன்தான், அதாவது சேமித்து வைத்த சர்க்கரைதான், நம் உடம்பில் இருக்கிறது. கடுமையாக ஓட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை முதல் அரை மணி நேரத்திலிருந்தே உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இது எனக்கும் அவருக்கும் மனப்பாடம். இருந்தும், ரத்தத்தில் சர்க்கரை இறங்க இறங்க மூளையும் மந்தமாகிறது. சாப்பிட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய உறுப்புதான் முதலில் தளர்கிறது. அந்த முடிவை அன்று எடுத்திருக்க வேண்டியவன் நான். பிறகு யோசித்துப் பார்த்தபோது அடையாளங்கள் வரிசையாகத் தெரிந்தன: பேச்சு குறைந்தது, சரிவு மாறியும் கியர் மாற்றாமல் ஒரே கியரில் மிதித்தது, தடத்தின் நடுவில் இருந்த கல்லை விலக்காமல் அதன்மேலேயே ஏறியது. நான் பின்னால் இருந்திருந்தால் இவை அத்தனையும் என் கண்முன்னே நடந்திருக்கும். எனவே ஏற்றத்தில் யார் முன்னால் என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வலிமையானவர் பின்னால் இருக்கட்டும்.

இணையர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது குணம் அல்ல, பசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சகோதரி, அந்த இரண்டாம் நாள் நண்பகலுக்கு முன் நீங்கள் என்ன சாப்பிட்டிருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பதிவு 5: செயின்பூட்டு

பழுதுபார்ப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். அணி என்றால் இரண்டு சைக்கிள்கள். எந்தச் சைக்கிள் பழுதானாலும் இருவருமே நிற்க வேண்டும். ஆகவே உதிரி பாகங்களை ஆளுக்கு ஒரு பட்டியலாக அல்லாமல், அணிக்கு ஒரே பட்டியலாகப் போடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பின்புற கியர் மாற்றியை ஃப்ரேமோடு இணைக்கும் ஹேங்கர். விழும்போது கியர் மாற்றியையும் ஃப்ரேமையும் காப்பாற்றுவதற்காகத் தானே வளையும்படியும் ஒடியும்படியும் செய்யப்பட்ட சிறு துண்டு அது. பழைய ஃப்ரேம்களில் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு. நாங்கள் முதன்முதலாக இணையாக ஓட்டியபோது ஒரே ஒரு உதிரி ஹேங்கர் எடுத்துப் போனோம்; அது என் சைக்கிளுக்கானது. ஒடிந்தது நண்பருடையது. செயினைக் குறைத்து ஒற்றை கியராகக் கட்டி, மீதி 40 கிலோமீட்டரில் பாதியைத் தள்ளிக்கொண்டே நடந்து, கட்டத்தின் இறுதி நேரத்தைத் தவறவிட்டோம். சைக்கிள் பாகங்கள் செய்யும் எஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பொது ஹேங்கர் வடிவத்தை இப்போது பல நிறுவனங்களின் ஃப்ரேம்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இருவர் ஃப்ரேமும் அந்த வகையாக இருந்தால், ஒரு துண்டு இருவருக்கும் போதும். இல்லையென்றால் ஆளுக்கொன்று கட்டாயம்.

செயினைப் பூட்டும் இணைப்புக் கண்ணியும் அப்படித்தான். 11 கியர் செயினுக்கும் 12 கியர் செயினுக்கும் ஒரே கண்ணி பொருந்தாது. சக்கர அளவு 29 அங்குலமா, 27.5 அங்குலமா என்பதைப் பொறுத்தே உதிரி டியூபும். பிரேக் பேட்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈரமான சேற்றில் நீண்ட இறக்கங்கள் வந்தால், புதிய பேட்கள்கூட ஒரே நாளில் இரும்புத் தகடுவரை தேய்ந்துவிடும். அவற்றின் வடிவமும் பிரேக்குக்குப் பிரேக் மாறும். இருவரும் ஒரே சக்கர அளவும் ஒரே பிரேக்கும் வைத்துக்கொண்டால் சுமை பாதியாகும்.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் துளை விழுந்து, உள்ளிருக்கும் அடைப்புத் திரவமான சீலன்ட் பீச்சினால், யார் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். ஒருவர் துளையை மேல்பக்கமாகத் திருப்பி விரலால் அழுத்தட்டும். மற்றவர் துளையை அடைக்கும் துண்டான பிளக்கைச் செருகட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பையைத் திறந்து தேடினால் அதற்குள் காற்று போய்விடும்.

பதிவு 6: நள்ளிரவுச் சுற்று

நான் ஓட்டுவது நால்வர் அணியாக 24 மணி நேரத் தொடரோட்டப் பந்தயங்கள். 1992-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிய வகை அது. அங்கே ஒருவர் சுற்றி வரும்போது மற்றவர்கள் உறங்குகிறார்கள் என்பதால், வேகம் ஒத்துப்போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது: திட்டத்தைக் களைப்பு வருமுன் தாளில் எழுதிவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், யார் அடுத்து என்று விவாதித்த அணிகள் எல்லாம் அந்த விவாதத்தில் சுற்றுகளை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு 7: கல்தடம்

அனைவருக்கும் நன்றி. பின்சக்கரம் ஐயா கேட்ட கேள்வி என்னை உறுத்தியது. அந்த நாள் காலை ஏழு மணியிலிருந்து நண்பகல் வரை நான் சாப்பிட்டது ஒரு வாழைப்பழமும் அரைத் துண்டு சாக்லேட்டும்தான். தம்பியைத் துரத்தும் அவசரத்தில் பைக்குள் கைவிடவே இல்லை.

இன்னொரு கேள்வி. ஏற்றத்தில் அவன் என் முதுகில் கைவைத்துத் தள்ளுவதாகச் சொல்கிறான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் என் காலால் முடிக்காத பந்தயமாக அது ஆகிவிடாதா?

பதிவு 8: மேட்டுத்தடம்

சகோதரி, நான் நான்கு இணைப் பந்தயங்களில் மெதுவான பாதியாக இருந்தவள். உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. முதல் பந்தயத்தில் நானும் கையைத் தட்டிவிட்டேன். முதலில் உங்கள் பந்தய விதியைப் படியுங்கள், ஏனெனில் தள்ளுவதும் இழுப்பதும் பந்தயத்துக்குப் பந்தயம் வேறுபடும். விதி அனுமதித்தால், ஏற்றுக்கொள்ளுங்கள். அணியின் நேரம் என்பது இரண்டாவதாகக் கோட்டைக் கடப்பவரின் நேரம். சமதளத்தில் அவர் பின்னால் ஒட்டிக்கொள்வதில் உங்களுக்குத் தயக்கம் இல்லை. இறக்கத்தில் உங்கள் தடத்தைப் பின்பற்றுவதில் அவருக்கும் தயக்கம் இருக்காது. முதுகில் வைக்கும் கையும் அதே கணக்குதான்.

ஆனால் சில ஒப்பந்தங்கள் வேண்டும். சொல்லாமல் தொடக் கூடாது. "கை" என்று அவர் சொல்ல வேண்டும். நீங்கள் "சரி" என்ற பின்னரே தொட வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே, சீரான அழுத்தமாக இருக்க வேண்டும். விட்டுவிட்டுத் தள்ளினால் உங்கள் மிதியின் தாளம் கெடும். அதைச் செங்குத்தான இடத்தில் செய்யாதீர்கள், ஒற்றைக் கையால் ஓட்டுபவர் அங்கே விழுந்துவிடுவார். மிதமான சரிவுள்ள அகலமான மண்சாலைதான் அதற்கு ஏற்ற இடம்.

சொற்களையும் சுருக்கமாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நானும் என் இணையரும் நான்கே சொற்களில் முழு நாளையும் ஓட்டுவோம். பின்னால் இருப்பவர் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்ட முடியாமல் பின்தங்கினால் "விட்டது", மீண்டும் ஒட்டியதும் "வந்தேன்", வேகம் குறைய வேண்டுமானால் "மெல்ல", உணவு நேரம் வந்தால் "வாய்". "நன்றாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள், அதற்கு எல்லோரும் ஆம் என்றே பதில் சொல்வோம். "பத்துக்கு எத்தனை?" என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணில் பொய் சொல்வது கடினம்.

இறக்கத்தில் நீங்கள்தானே வேகம்? அங்கே நீங்கள் முன்னால் போய்த் தடம் காட்டுங்கள். புழுதி பறந்தால் அவர் சற்று இடைவெளி விட்டு வரட்டும். ஆனால் பிரியும் பாதை எதையும், பின்னால் வருபவரைக் கண்ணால் பார்க்காமல் கடக்காதீர்கள்.

பதிவு 9: சமவெளி

முன்னணி வீரர்களின் இணைகளைப் பார்த்தாலும் இரண்டு பேர் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருப்பதில்லை. 2019 கேப் எபிக் பந்தயத்தில் பெண்கள் பிரிவை வென்ற இணையில், அன்னிகா லாங்வாட் மலை சைக்கிளில் உலகப் பட்டம் பெற்றவர். அன்னா வான் டெர் பிரெக்கன் 2016 ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர். ஒருவருடைய களம் மற்றவருக்கு இரண்டாம் களம்.

பழகிய இணைக்குத் தனி மதிப்பு இருக்கிறது என்பதும் உண்மை. கார்ல் பிளாட் அந்தப் பந்தயத்தை ஐந்து முறை வென்றார். அவற்றில் மூன்று வெற்றிகள் ஸ்டெஃபான் சாமோடு. கிறிஸ்டோஃப் சாசரும் பரி ஸ்டாண்டரும் 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்றார்கள். 2013 ஜனவரியில், பயிற்சியின்போது நேர்ந்த சாலை விபத்தில் ஸ்டாண்டர் இறந்துபோனார். அதே ஆண்டு மார்ச் மாதம் சாசர், லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு இறங்கி மறுபடியும் வென்றார். எட்டு நாளும் பக்கத்தில் வேறொருவருடைய சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் எப்படி ஓட்டினார் என்பதை என்னால் இன்றும் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

பதிவு 10: கல்தடம்

பந்தயம் முடிந்து நான்கு நாட்கள் ஆகின்றன. விரல்கள் இன்னும் சற்று மரத்திருக்கின்றன, ஆனாலும் உங்களுக்கெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறு நாளும் முடித்தோம். நேரப் பதிவுப் புள்ளி எதிலும் எங்கள் இடைவெளி பதினைந்து நொடியைத் தாண்டவில்லை. ஏற்றங்களில் நான் முன்னால், அவன் பின்னால். கருவிகள் அனைத்தும், என் தண்ணீரில் பாதியும் அவன் பையில் இருந்தன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பின்னாலிருந்து "வாய்" என்று குரல் வரும். முதல் நாள் அந்தக் குரல் எரிச்சலூட்டியது. மூன்றாம் நாள் அது வருமுன்னரே என் கை பைக்குள் போயிருந்தது. கையை மூன்று இடங்களில் ஏற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தம்பிக்கு வயிறு கெட்டது. விடியற்காலையிலிருந்து அவனால் எதையும் உள்ளே தங்க வைக்க முடியவில்லை. "பத்துக்கு எத்தனை?" என்று நான் திரும்பிக் கேட்டபோது "மூன்று" என்றான். பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். அன்றைய நீண்ட ஏற்றத்தில் அவன் முன்னால் போனான், நான் அவனுடைய பின்சக்கரத்துக்கு அரைச் சக்கர தூரத்தில் வந்தேன். அவன் நின்ற இடங்களிலெல்லாம் நானும் காலைத் தரையில் ஊன்றி, அவன் மூடியைத் திருகி, சிறுகச் சிறுகக் குடித்து, மறுபடி மூடியைப் போடும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இறுதி நேரத்துக்குப் பதினோரு நிமிடம் மீதம் இருக்கையில் கோட்டைக் கடந்தோம்.

செயின்பூட்டு நண்பருக்கு: எங்கள் ஃப்ரேம்கள் வெவ்வேறு வகை என்பதால் ஹேங்கர்கள் இரண்டு வாங்கினோம். எங்களுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. கடைசி நாள் தொடக்கக் கோட்டருகே, ஹேங்கர் வளைந்துபோய் நின்றிருந்த ஓர் இணைக்கு என்னுடையது சரியாகப் பொருந்தியது. பிரேக் பேட்கள் மட்டும் நான்காம் நாள் மழையில் இரண்டு சைக்கிளிலும் தீர்ந்துபோயின.